பிரான்ஸ் கிராமங்களில் பத்து நாள் சைக்கிள்: ஐம்பதை நெருங்கும் இருவருக்கு எந்தப் பாதை?

நீங்கள் கேட்டதைச் சுருக்கிச் சொன்னால் இது: கணவன் மனைவி இருவருக்கும் ஐம்பதை நெருங்குகிறது, ஊரில் விடியற்காலையில் இருபது இருபத்தைந்து கிலோமீட்டர் ஓட்டும் பழக்கம் இருக்கிறது, செப்டம்பரில் பத்து நாள் கையில் உண்டு, பிரான்சின் பழைய கிராமங்கள் வழியாகச் சைக்கிளில் போக ஆசை. லுவார் ஆறு, தோர்தோன் பள்ளத்தாக்கு, மிதி (Midi) கால்வாய் மூன்றில் எது நல்லது, டூர் நிறுவனத்தோடு போவதா நாமே போவதா, சைவ உணவு கிடைக்குமா என்று கேட்டிருக்கிறீர்கள். மூன்று பாதைகளின் பெயரைச் சொல்லியிருந்தாலும், உள்ளே இருக்கும் கேள்வி வேறு என்று எனக்குப் படுகிறது: எங்கள் கால் இதைத் தாங்குமா, தாங்கினால் கிராமம் கண்ணில் படுமா? நான் லுவார் கரையில் உள்ள தூர் நகரத்துப் பக்கம் சைக்கிள் வாடகைப் பட்டறையில் பல வருடம் வேலை பார்த்தவன். வண்டியை எடுத்துக்கொண்டு போனவர்கள் எந்த முகத்தோடு திரும்பி வந்தார்கள் என்பதைப் பார்த்துப் பார்த்துக் கற்றுக்கொண்டதுதான் கீழே இருப்பதில் பெரும்பகுதி. லுவார் பகுதி எனக்கு நன்றாகத் தெரியும். மற்ற இரண்டும் ஓட்டிப் பார்த்த அளவுக்கு மட்டுமே. ஆல்ப்ஸ், பைரனீஸ் மலைப்பாதைகள் பற்றி என்னிடம் கேட்காதீர்கள்.

முதலில் கால் பற்றி. பிரான்சில் சுலபமான சைக்கிள் பாதை என்றால் அது ஆற்றங்கரையிலோ, கால்வாய்க் கரையிலோ, கைவிடப்பட்ட ரயில் தடத்திலோ போகும். படத்தில் பார்த்து மயங்கும் கிராமம் என்றால் அது பெரும்பாலும் குன்றின் உச்சியில் இருக்கும். போர்க்காலத்தில் எதிரி ஏறி வரக்கூடாது என்றுதானே அங்கே கட்டினார்கள்? அதே ஏற்றம் இன்று உங்களுக்கும் உண்டு. தோர்தோன் பக்கம் தோம் என்ற ஊர் ஆற்றுக்கு மேலே செங்குத்தான பாறையில் உட்கார்ந்திருக்கிறது. ரொக்கமதூர் ஒரு மலையிடுக்கின் சுவரில் தொங்குகிறது. லோ ஆற்றின் சேன்-சிர்-லாபொப்பியும் அப்படித்தான். ஒவ்வொன்றும் பார்த்தே ஆகவேண்டிய ஊர், மறுக்கவில்லை. ஆனால் பின்னால் இரண்டு பக்கமும் பை தொங்க, ஒரே நாளில் இப்படி இரண்டு ஊர் ஏறினால் மூன்றாவது நாள் சைக்கிளைப் பார்க்கவே பிடிக்காது. தோர்தோனுக்குப் போவதென்றால் மின்சார சைக்கிள் எடுங்கள், அல்லது சார்லா போன்ற ஓர் ஊரில் தங்கிக்கொண்டு பையில்லாமல் தினமும் சுற்றிவிட்டுத் திரும்புங்கள்.

மிதி கால்வாயின் சிக்கல் வேறு. பியேர்-பால் ரிக்கே 1666இல் வெட்டத் தொடங்கிய கால்வாய், துலூசிலிருந்து மத்தியதரைக் கடலோரத்து உப்பங்கழி வரை 240 கிலோமீட்டர். ஏற்றமே கிடையாது என்று எல்லோரும் சொல்வார்கள், அது உண்மை. துலூசிலிருந்து முதல் ஐம்பது கிலோமீட்டர் தார் போட்ட அருமையான தடம், அதுவும் உண்மை. அதற்கப்புறம் பல இடங்களில் பழைய கரைப்பாதைதான்: மண், சரளை, பிளேன் மரங்களின் வேர்முடிச்சு. நாள் முழுக்க அதில் குலுங்கினால் மணிக்கட்டும் இடுப்பும் வலிக்கும். நிழலுக்குப் பெயர்போன அந்த மரங்களையும் 2006இல் கண்டுபிடிக்கப்பட்ட ஒரு பூஞ்சை நோய் தாக்க, ஆயிரக்கணக்கில் வெட்டியாயிற்று. புதுக் கன்றுகள் வளர்கின்றன, ஆனால் பழைய புகைப்படத்தில் உள்ள பசுங்குகை நீளத்துக்கும் கிடைக்காது. கால்வாய் சமமட்டம் பார்த்து வளைந்து வளைந்து போவதால் பல ஊர்களைத் தொடாமல் விலகிவிடுகிறது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

லுவாரை நான் சொல்வதற்குக் காரணம் கோட்டை அரண்மனைகள் அல்ல. இங்கே கிராமங்கள் தண்ணீரோரத்திலேயே இருக்கின்றன. ஆறுதான் நெடுஞ்சாலையாக இருந்தது; மது, உப்பு, கல் எல்லாம் தட்டையான படகில் போயின. 1840களில் ரயில் வந்ததும் படகுத் தொழில் படுத்துவிட்டது, படித்துறைகள் மட்டும் மிஞ்சின. பின்னால் நிற்கும் மென்மையான வெள்ளைச் சுண்ணாம்புப் பாறையை வெட்டித்தான் வீடும் கோவிலும் கட்டினார்கள். வெட்டிய குகைகளிலேயே குடியிருந்தார்கள், இப்போது அவற்றில் மதுவும் காளானும் இருக்கின்றன. ஆக, சமதளப் பாதையும் பழைய ஊரும் ஒரே இடத்தில் சேர்வது இங்கேதான். லுவார் சைக்கிள் பாதை மொத்தம் சுமார் 900 கிலோமீட்டர். அட்லாண்டிக்கிலிருந்து கருங்கடல் வரை போகும் யூரோவெலோ 6 என்ற நெடுந்தூர சைக்கிள் பாதையின் ஒரு பகுதி. உங்களுக்கு அதில் நடுத்துண்டு போதும்: ஆன்ஜேயிலிருந்து புளுவா வரை, சுற்றுவழிகளோடு சேர்த்து ஏறக்குறைய 250 கிலோமீட்டர். எட்டு நாள் ஓட்டினால் ஒரு நாளைக்கு முப்பது முப்பத்தைந்துதான் வரும். குறைச்சலாகத் தோன்றும். ஆனால் கோவிலைப் பார்க்க ஒரு மணி நேரம், சாப்பாட்டுக்கு ஒன்றரை மணி நேரம், வழி தவறியதில் அரை மணி நேரம் என்று போனால் முப்பதே சரியாக இருக்கும்.

திசையைப் பற்றி ஒரு கருத்துவேறுபாடு உண்டு. ஆற்றின் போக்கில், அதாவது கிழக்கிலிருந்து மேற்காகப் போங்கள், இறக்கமாக இருக்கும் என்று நிறையப் பேர் சொல்வார்கள். ஓர்லேயானிலிருந்து கடல் வரை நானூறு கிலோமீட்டருக்கு மொத்த இறக்கமே சுமார் நூறு மீட்டர்தான். அது காலுக்குத் தெரியவே தெரியாது. தெரிவது காற்று. இந்தப் பகுதியில் பெரும்பாலும் மேற்கிலிருந்தோ தென்மேற்கிலிருந்தோ அடிக்கும். அதனால் நான் மேற்கிலிருந்து கிழக்காக அனுப்புவேன். இது நிச்சயமல்ல, வாய்ப்புக் கணக்கு மட்டுமே. வானம் தெளிந்து வடகிழக்குக் காற்று கிளம்பும் வாரங்கள் உண்டு, அப்படி வாய்த்தால் என்னைத் திட்டிக்கொண்டே மிதிப்பீர்கள். இன்னொரு வசதி, பாரிஸ் மோன்பர்னாஸ் நிலையத்திலிருந்து அதிவேக ரயிலில் ஒன்றரை மணி நேரத்தில் ஆன்ஜே வந்துவிடலாம். வண்டியை அங்கே வாடகைக்கு எடுத்து புளுவாவில் விட்டுவிட்டு, பாரிஸ் ஓஸ்தெர்லிட்ஸ் நிலையத்துக்கு ரயில் ஏறலாம். ஒரு ஊரில் எடுத்து இன்னொரு ஊரில் விடும் ஏற்பாடு இந்தப் பாதையில் சாதாரணம், முன்பதிவின்போதே சொல்லிவிட வேண்டும்.

ஆன்ஜேயிலிருந்து சோமூர் வரை ஐம்பது அறுபது கிலோமீட்டர், இதை இரண்டு நாளாகப் பிரியுங்கள். ஜென் பக்கத்தில் தங்கினால் மறுநாள் காலை குனோ வரும். சிற்றூர், ஆனால் அந்த ஊருக்குச் சம்பந்தமில்லாத அளவில் ரோமனெஸ்க் என்ற இடைக்காலப் பாணியில் ஒரு கோவில். தூண் தலைகளில் இருநூறுக்கும் மேற்பட்ட சிற்பங்கள், பல அவ்வளவு உயரத்தில் இருக்கின்றன, சிறிய பைனாகுலர் இருந்தால் கொண்டுபோங்கள். வடகரையில் வெள்ளத்தடுப்புக் கரையின் மேல் போகும் பெரிய சாலையில் மட்டும் இறங்காதீர்கள்; கார்கள் பறக்கும், ஓரம் கிடையாது. தென்கரையிலேயே இருங்கள்.

சோமூரிலிருந்து காந்த்-சேன்-மார்த்தேன் வரை பதினைந்து கிலோமீட்டர்தான், ஆனால் முழுப் பயணத்திலும் நான் ஒரு முழு நாள் ஒதுக்கச் சொல்லும் துண்டு இதுதான். சூஸே-ஷாம்பிஞியில் சைக்கிள் பாதையே பாறைக்குள் வெட்டிய தெரு வழியாக நுழைந்து வெளியே வருகிறது. உள்ளே இருட்டாக இருக்கும், வண்டியைத் தள்ளிக்கொண்டு நடப்பது நல்லது. அப்புறம் துர்கானின் குகை வீடுகள், பிறகு ஆற்றங்கரைக் கோட்டையோடு மோன்சொரோ, அதை ஒட்டினாற்போலக் காந்த். இங்கேதான் வியேன் ஆறு லுவாரில் கலக்கிறது, இங்கேதான் தூர் நகரத்து ஆயர் மார்த்தேன் 397இல் இறந்தார். உடல் யாருக்கு என்று புவாத்தியே ஊராரும் தூர் ஊராரும் சண்டை போட்டதாகவும், காவலிருந்த புவாத்தியே ஆட்கள் நடுஇரவில் தூங்கிப்போக, தூர்க்காரர்கள் உடலை ஜன்னல் வழியாக இறக்கிப் படகில் கொண்டுபோய்விட்டதாகவும் 6ஆம் நூற்றாண்டில் தூரின் ஆயராக இருந்த கிரெகோரி எழுதி வைத்திருக்கிறார். கொண்டுபோனவர்களின் ஊர்க்காரர் எழுதியது என்பதை நினைவில் வைத்துக்கொண்டு கேட்க வேண்டிய கதை. மோன்சொரோவிலிருந்து உள்ளே நாலைந்து கிலோமீட்டர் மெதுவான ஏற்றத்தில் ஃபோந்தெவ்ரோ மடம். 1101இல் தொடங்கியது. ஆண் துறவிகளும் பெண் துறவிகளும் இருந்தார்கள், எல்லோருக்கும் தலைமை ஒரு பெண். இங்கிலாந்து அரசர் இரண்டாம் ஹென்றி, அவர் மனைவி அக்கித்தேன் எலியனோர், அவர்கள் மகன் சிங்க நெஞ்சன் ரிச்சர்டு ஆகியோரின் கல்லறைச் சிலைகள் அங்கே படுத்திருக்கின்றன. புரட்சிக்குப் பிறகு நெப்போலியன் காலத்தில் அதைச் சிறைச்சாலை ஆக்கினார்கள், 1963 வரை சிறைதான்.

ஷினோனுக்கு அடுத்த நாள் போய்ச் சேரலாம், இருபது கிலோமீட்டர். 1429இல் ஜான் ஆஃப் ஆர்க் இளவரசன் சார்லசைச் சந்தித்த கோட்டை மேலே இருக்கிறது, நகரத்திலிருந்து அதற்கு ஏற லிஃப்டே உண்டு. கால் நன்றாக இருந்தால் இங்கே ஒரு நாள் கூடுதலாகத் தங்கி, பையில்லாமல் கிரிஸ்ஸே-சுர்-மான்ஸ் என்ற சிற்றூருக்குப் போய் வாருங்கள். நூறு பேர் அளவில்தான் மக்கள்தொகை. கூட்டமும் கிடையாது, கடையும் கிடையாது. ஆகவே தண்ணீரும் ரொட்டியும் கையில் இருக்கட்டும். அதற்கப்புறம் கோட்டை உள்ள உஸ்ஸே, பழைய படித்துறையோடு இருக்கும் பிரேஎமோன், தோட்டத்துக்குப் பேர்போன விலாந்திரி, தூர், ஆம்புவாஸ். தூருக்கும் ஆம்புவாசுக்கும் நடுவே மோன்லூயி அருகில் திராட்சைத் தோட்டங்களுக்குள் சில ஏற்றங்கள் வரும். சமதளம் என்று நம்பி வந்தவர்கள் முகம் சுளிப்பது இங்கேதான். ஆம்புவாசிலிருந்து, ஆற்றின் மேல் பாலம்போலக் கட்டிய ஷெனோன்சோ மாளிகை பதினைந்து கிலோமீட்டருக்குள், காட்டு வழி. கதவு திறக்கும் நேரத்துக்குப் போய்விடுங்கள், பஸ்கள் வந்த பிறகு அந்தப் பாலத்து மாளிகையில் நகர முடியாது. கடைசியாகப் புளுவாவும், அங்கிருந்து ஷாம்போர் அரண்மனையும். ஷாம்போரின் கூரையைவிட அதன் காட்டைத்தான் நான் பரிந்துரைப்பேன். 32 கிலோமீட்டர் மதிலுக்குள் 5,440 ஹெக்டேர். செப்டம்பர் நடுவிலிருந்து கலைமான்களின் கூடல் பருவம். அந்தி சாயும் நேரத்தில் அவற்றின் உறுமல் கேட்கும். அதே மாதம் வேட்டைப் பருவமும் தொடங்குவதால், மதிலுக்கு வெளியே உள்ள மற்ற காட்டுப் பாதைகளில், குறிப்பாக ஞாயிற்றுக்கிழமை, பளிச்சென்ற நிறத்தில் சட்டை போடுங்கள்.

செப்டம்பர் நல்ல தேர்வு. பிரெஞ்சுக்காரர்களின் ஆகஸ்டு விடுமுறைக் கூட்டம் கலைந்திருக்கும், வெயிலும் தணிந்திருக்கும். மூன்றாவது வார இறுதியில் மரபுச்சின்ன நாட்கள் வரும். சாதாரணமாகப் பூட்டிக் கிடக்கும் வீடுகளும் மாளிகைகளும் அன்று திறப்பார்கள். முடிந்தால் அந்த இரண்டு நாளும் சோமூருக்கும் ஷினோனுக்கும் நடுவே இருப்பதுபோலத் தேதியை அமையுங்கள். ஆனால் உங்கள் விடியற்காலைப் பழக்கம் இங்கே உதவாது. செப்டம்பர் நடுவில் சூரியன் உதிக்கவே ஏழரையைத் தாண்டும், ஆற்றோரத்தில் ஒன்பது வரை பனிமூட்டம் நிற்பதும் உண்டு. ஈடாக, மாலை எட்டு வரை வெளிச்சம் இருக்கும்.

புதிதாக வருபவர்களை ஏற்றத்தைவிட அதிகம் படுத்துவது கடிகாரம். கிராமத்தில் கடைகள் பன்னிரண்டு, பன்னிரண்டரைக்கு மூடினால் இரண்டு, மூன்று மணிக்குத்தான் திறக்கும். உணவகத்தில் மதியச் சாப்பாடு பன்னிரண்டு முதல் ஒன்றரை, மிஞ்சினால் இரண்டு வரை. இரண்டரைக்குப் போய் நின்றால் அடுப்பை அணைத்திருப்பார்கள், எவ்வளவு கெஞ்சினாலும் அவ்வளவுதான். இரவுச் சாப்பாடு ஏழு, ஏழரைக்கு முன் இல்லை. ஞாயிறு மதியத்துக்கு மேலும் திங்கட்கிழமையும் பல ஊர்கள் தூங்கும். ஆகவே ஞாயிறு இரவுக்கும் திங்களுக்கும் வேண்டியதைச் சனிக்கிழமையே வாங்கி வையுங்கள், அல்லது அந்த இரவு ஷினோன், ஆம்புவாஸ் மாதிரி கொஞ்சம் பெரிய ஊரில் தங்குங்கள். தண்ணீர் தீர்ந்தால் கல்லறைத் தோட்டத்தைத் தேடுங்கள். ஏறக்குறைய எல்லாக் கிராமத்திலும் அங்கே ஒரு குழாய் இருக்கும், இங்கத்திய சைக்கிள்காரர்கள் எல்லோரும் அங்கேதான் பிடிப்பார்கள். 'குடிக்க உகந்ததல்ல' என்று பலகை இருந்தால் மட்டும் விட்டுவிடுங்கள்.

சைவம் கிடைக்கும், ஆனால் கேட்டு வாங்க வேண்டும். 'சாலட்' என்று எழுதியிருந்தாலும் மேலே பன்றிக்கொழுப்புத் துண்டுகளைத் தூவியிருப்பார்கள், காய்கறி சூப்பின் அடியில் கோழிச்சாறு இருக்கலாம். இறைச்சி வேண்டாம் என்றால் மீன் கொண்டுவருவார்கள், இரண்டையும் பெயர் சொல்லி மறுக்க வேண்டும். ஆம்லெட் சாப்பிடுவீர்களானால் பாதிக் கவலை தீர்ந்தது. மதியத்துக்கு நான் சொல்வது ரொட்டிக்கடையும் வாரச்சந்தையும்தான். இது ஆட்டுப்பால் சீஸ் நாடு, நடுவே வைக்கோல் செருகிய சேன்-மோர் இந்தப் பகுதியுடையது. தக்காளி, பழம், பகெத் என்ற நீள ரொட்டி ஒன்று சேர்ந்தால் வேறென்ன வேண்டும்? ஆனால் உங்கள் வீட்டில் கண்டிப்பான சைவம் என்றால் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள்: மரபு முறையில் செய்யும் சீஸ்கள் பலவற்றில் பாலைத் திரிக்க, கன்று அல்லது குட்டியின் இரைப்பையிலிருந்து எடுக்கும் பொருளைச் சேர்க்கிறார்கள். தங்குமிடத்தில் இரவுச் சாப்பாடும் போடுவார்களானால் இரண்டு நாள் முன்னால் எழுதிவிடுங்கள். முன்கூட்டித் தெரிந்தால் மிக அன்பாகச் சமைப்பார்கள், வாசலில் நின்று சொன்னால் சங்கடப்படுவார்கள்.

தங்க, வீட்டு அறை விடுதிகளே உங்களுக்குப் பொருத்தம். சட்டப்படி ஐந்து அறைக்கு மேல் கிடையாது, காலை உணவு வாடகையிலேயே அடங்கும். இருவருக்கு எண்பது முதல் நூற்றிருபது யூரோ வரை பொதுவாக ஆகும், கோட்டை ஊர்களில் கூடும். 'சைக்கிள் வரவேற்பு' முத்திரை உள்ள இடமாகப் பாருங்கள். பாதையிலிருந்து ஐந்து கிலோமீட்டருக்குள் இருக்கும், வண்டியைப் பூட்டி வைக்க இடமும் பழுது பார்க்கக் கருவியும் இருக்கும்.

சாலையில் உங்களுக்கு இரண்டு ஆபத்து. ஒன்று, இங்கே வலப்பக்கம் ஓட்ட வேண்டும். ஓடும்போது நினைவிருக்கும், காலையில் வண்டியை எடுத்துக் கிளம்பும் முதல் நிமிடத்தில்தான் மறந்துபோகும். இரண்டு, கிராமத்துக்குள் பலகையே இல்லாத சந்திப்புகளில் வலப்புறமிருந்து வருபவருக்கே முன்னுரிமை. சந்திலிருந்து ஒரு கார் நிற்காமல் நுழைந்தால் அது அவர் உரிமை. மஞ்சள் வைரப் பலகை இருந்தால்தான் உங்கள் சாலைக்கு முன்னுரிமை. ஊருக்கு வெளியே இரவிலும் மங்கலான வெளிச்சத்திலும் ஒளிரும் மேல்சட்டை கட்டாயம், அந்தப் பனிமூட்டக் காலைகளுக்கும் இது பொருந்தும். காதில் இயர்ஃபோன் கூடாது. தலைக்கவசம் பன்னிரண்டு வயதுக்குக் கீழேதான் கட்டாயம், நீங்களும் போடுங்கள். கார்கள் ஊருக்கு வெளியே ஒன்றரை மீட்டர் தள்ளித்தான் முந்த வேண்டும், பெரும்பாலும் மதிக்கிறார்கள். குறுக்கு வழி தேடும்போது மிஷ்லேன் காகித வரைபடம் இன்னும் கைகொடுக்கும்: வெள்ளைக் கோடு சின்ன அமைதியான சாலை, சிவப்பைத் தவிர்க்கவும். கோட்டின் மேல் அம்புமுனை போல ஒன்று இருந்தால் 5 முதல் 9 சதவீத ஏற்றம், இரண்டு இருந்தால் 9 முதல் 13, மூன்று இருந்தால் வேறு வழி பாருங்கள்.

வண்டியாக, கடையில் 'வே-தே-சே' என்று கேளுங்கள். தார்ச் சாலைக்கும் மண் பாதைக்கும் பொதுவான வகை, டயர் 35 மில்லிமீட்டருக்குக் குறையாமல். எடுக்கும்போதே கடை வாசலில் பத்து நிமிடம் ஓட்டி சீட் உயரத்தைச் சரி செய்துகொள்ளுங்கள். முழங்கால் வலியோடு திரும்பியவர்களில் பெரும்பாலோருக்கு சீட் தாழ்வாகத்தான் இருந்தது. பம்ப் அந்த வண்டியின் வால்வுக்குப் பொருந்துகிறதா என்றும் பாருங்கள், மெல்லிய பிரெஸ்டா வால்வு இங்கே சகஜம். உங்களில் ஒருவருக்கு மட்டும் தயக்கம் என்றால் அவருக்கு மட்டும் மின்சார வண்டி எடுங்கள், இருவரும் ஒரே வேகத்தில் போகலாம். ரயிலில் வண்டியை ஏற்றும் விதி வட்டாரத்துக்கு வட்டாரம், பருவத்துக்குப் பருவம் மாறும். அதற்கு நானோ வேறு யாரோ எழுதிய பழைய பதிலை நம்பாமல் பயணத்துக்கு முந்தின மாதம் ரயில்வே தளத்தில் பாருங்கள்.

டூர் நிறுவனம் வேண்டுமா என்றால், இந்தத் துண்டுக்கு வேண்டாம். வழிப்பலகை தெளிவாக இருக்கிறது, ஆற்றை விட்டு விலகாதவரை தொலைந்துபோகவும் வழியில்லை. காசு செலவழிக்க மனமிருந்தால் பைகளைத் தங்குமிடத்துக்குத் தங்குமிடம் வேனில் கொண்டுபோய் வைக்கும் சேவைக்கு மட்டும் கொடுங்கள். அது தனியாகவும் கிடைக்கிறது, ஐம்பது வயது முழங்காலுக்கு வழிகாட்டியைவிட அதிகப் பயன் அதில்தான். அறைகளை இப்போதே பதிவு செய்யுங்கள், முதலில் மரபுச்சின்ன வார இறுதியின் இரண்டு இரவுகளை. காந்த், மோன்சொரோ பக்கம் அறைகள் குறைவு.